மருத்துவ ஆய்வும் வாயில்லாச் சீவன்களும்



மருத்துவ ஆய்வுக்காக விலங்குகளை வருத்தலாமா? கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் கோழியும் ஆடும் வளர்த்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதியதன்று. மருத்துவர்கள் இதை எப்படி நோக்குகிறார்கள்? நம் சோற்றுத் தட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாற்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரின் உயிரைக் குடித்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதி. புழுங்கலரிசி உண்ட நம் முன்னோரிடையே மிகக் குறைவு.

காரணம் அறிய, 1905ஆம் ஆண்டில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனை நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசி. மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தனர். தமக்கு வேண்டியது இன்னதென்று எடுத்துச் சொல்ல இயலாத மனிதர்கள் அவர்கள்!

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் முன்னரே காட்டிய வழி அது. தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. தவிடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் அணுகவில்லை. ஆலையில் நெல்லைத் தீட்டும்போது உதிர்கிறதே, அந்தத் தவிட்டில்தான் பி1 என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசியின் சிறப்பு இதுவே.

மனிதனைச் சோதனைப் பொருளாக்குவதைவிட முதலில் விலங்கிடம் ஆராய்வது மேல் என மருத்துவர் பலர் கருதுவது இதனால்தான். 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் உலக மருத்துவர் சங்கம் வகுத்த நெறிகளும் இதையே கூறின. 1975ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வு விலங்குகளின் நலனையும் மதிக்க வேண்டுமென்றது.

ஆனால், எலிக்கு ஒத்த மருந்து மனிதனுக்கு ஒத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இதை எடுத்துக்காட்டி எச்சரிக்கும் மருத்துவர்களும் உண்டு. 1959ஆம் ஆண்டில் ரசல், பர்ச் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் மூன்று விதிகள் கூறினர்: மாற்று வழி இருந்தால் விலங்கை விட்டுவிடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது.

நேயர்களே, ஆராயாத மருந்து மனிதனுக்கு வேண்டாம். வீண் வதை விலங்குக்கும் வேண்டாம். இரண்டையும் ஒருசேரக் காப்பதே நல்ல மருத்துவம். அந்தக் கோழிகளுக்கும், அவற்றுக்கு முன் மாண்ட அந்த மனிதர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.