புள்ளிகளால் ஆன முகம்



பழைய நாளிதழ் ஒன்று கிடைத்தால், அதிலுள்ள நிழற்படத்தின்மீது பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முகம் மறைந்துவிடும், கரும்புள்ளிகளே தெரியும். நெற்றியில் புள்ளிகள் கடுகுபோல் சிறுத்திருக்கும். தலைமுடியில் அவை பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கைநீட்டும் தூரத்தில் தாளைப் பிடித்தால், அந்த முகம் திரும்பி வந்துவிடும். இம்முறைக்கு ஹாஃப்டோன் என்று பெயர். இந்தப் பழைய தோற்றத்தை இன்று கணினியில் எவ்வாறு உண்டாக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், புள்ளிகள் எதற்காக வந்தன என்று பார்ப்போம். அச்சு இயந்திரத்துக்கு இரண்டே நிலைகள்தான் தெரியும். ஓரிடத்தில் மை படும், அல்லது படாது. பாதிக் கறுப்பு என்பது அதற்கு இல்லை. நிழற்படத்திலோ வெளிச்சமும் நிழலும் படிப்படியாக மாறுகின்றன. ஆகவே, சாம்பல் நிறம் வேண்டிய இடத்தில் சிறு கரும்புள்ளிகளை வைத்து, இடையே வெள்ளைத் தாளை விட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்து சாம்பலாகக் காண்கிறது.

இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், மெல்லிய துணியைத் திரையாக வைத்துப் படத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் முறைக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். 1880 மார்ச் 4ஆம் நாள், நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' இதழில் ஒரு குடிசைப் பகுதியின் நிழற்படம் இவ்வகையில் அச்சாயிற்று. பின்னர், குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடித் திரைகள் வழக்கத்துக்கு வந்தன. ஆசியாவும் இதில் பின்தங்கவில்லை. கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி இத்துறையில் நுணுக்கமாக ஆராய்ந்து, லண்டனிலிருந்து வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். இவர் திரைப்பட இயக்குநர் சத்தியஜித் ராயின் பாட்டனார்.

இனி, கணினிக்கு வருவோம். ஃபோட்டோஷாப் மென்பொருளில் படத்தை முதலில் 'கிரேஸ்கேல்' நிலைக்கு மாற்ற வேண்டும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். மங்கலான படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவாகி, முகம் சேற்றில் அழுந்தியதுபோல் தோன்றும். அடுத்து, 'பிட்மேப்' நிலையில் 'ஹாஃப்டோன் ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது புள்ளி வரிசையின் எண்ணிக்கை, சாய்வு, வடிவம் ஆகிய மூன்றையும் கேட்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் 'நியூஸ்பிரிண்ட்' என்னும் வடிகட்டி இதே வேலையைச் செய்கிறது.

சாய்வுக்கு 45 பாகை கொடுங்கள். நேர்க்கோட்டையும் படுக்கைக் கோட்டையும் நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும்; சாய்ந்த வரிசையை அவ்வளவு எளிதில் கவனிப்பதில்லை. வண்ணப்படமானால் ஒவ்வொரு மைக்கும் தனிச் சாய்வு வேண்டும். கறுப்புக்கு 45, நீலத்துக்கு 15, செந்நீலத்துக்கு 75, மஞ்சளுக்கு 0 என்பது அச்சகங்களில் வழங்கும் ஒரு கணக்கு. எல்லாம் ஒரே சாய்வில் இருந்தால், அச்சில் சற்று விலகினாலும் நிறம் மாறிவிடும். சாய்வுகள் தவறாக நெருங்கினாலோ, வேண்டாத அலைக்கோலங்கள் எழும்.

எண்ணிக்கைதான் முக்கியமானது. நாளிதழ்கள் பொதுவாக அங்குலத்துக்கு 65 முதல் 85 வரிசைகள் வைத்தன. வழவழப்பான தாளில் அச்சாகும் இதழ்களில் 133, 150 என்று உயரும். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியவேண்டுமானால் 30 போதும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முகம் அச்சில் ஓர் அங்குல அகலம் இருந்தால், அதன் குறுக்கே 30 புள்ளிகள் விழும். கண், மூக்கு, புன்னகை எல்லாம் அடையாளம் தெரியும். பள்ளி ஆண்டு மலரில் வரும் குழுப்படத்தில் ஒரு பிள்ளையின் முகம் கால் அங்குலம்தான் இருக்கும். அங்கே 7 அல்லது 8 புள்ளிகள் மட்டுமே விழும். தன் மகள் எங்கே என்று தேடும் தாய்க்கு அது யார் முகமென்றே தெரியாது. ஆகையால் குழுப்படங்களுக்கு இந்த அலங்காரம் வேண்டாம். பெரிதாக வைக்கும் ஒற்றை முகம், மரம், கட்டடம் ஆகியவற்றுக்கே பயன்படுத்துங்கள்.

இன்னும் சில குறிப்புகள். படத்தை அச்சாகும் அளவுக்கு முன்னதாகவே கொண்டுவந்துவிடுங்கள். புள்ளியிட்ட பிறகு சுருக்கினால் அலைக்கோலம் தோன்றும். திரையில் நூறு விழுக்காட்டு அளவில் வைத்துச் சரிபாருங்கள். கோப்பை ஜேபெக் வடிவில் சேமித்தால் புள்ளிகளின் ஓரம் கலங்கும்; பிஎன்ஜி நல்லது. சொரசொரப்பான தாளில் மை பரவிப் புள்ளிகள் பருக்கும் என்பதால், நிழல் பகுதியை முன்கூட்டியே சற்று வெளிறச் செய்யவேண்டும். பழைமை தோன்ற, கருமைக்குப் பதில் கரும்பழுப்பும், வெள்ளைக்குப் பதில் இளமஞ்சளும் கொடுக்கலாம்.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நம் தோட்டங்கள் பலவற்றின் பழைய படங்கள் குடும்பங்களிடமும் இல்லை. அந்நாளைய இதழ்களில் அச்சான புள்ளிப் படங்களே சில மனிதர்களின் முகத்துக்குச் சாட்சியாக எஞ்சியிருக்கின்றன. இந்நிலையில், நேற்று எடுத்த படத்துக்குப் பழைய சாயம் பூசி, ஆண்டு குறிக்காமல் மலரில் வெளியிட்டால், இருபது ஆண்டு கழித்துப் புரட்டுகிறவர் அதை உண்மையான பழம்படம் என்றே நம்புவார். வரலாறு தேடுகிற மாணவன் அதைத் தன் கட்டுரையில் சேர்த்தும்விடுவான். எனவே படத்தின் அடியில், எடுத்த ஆண்டையும் கணினியில் புள்ளியிட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். மூலப்படத்தையும் தனியே பத்திரப்படுத்துங்கள். புள்ளியிட்ட படத்திலிருந்து பழைய தெளிவை முழுவதும் மீட்க முடியாது.

வீட்டில் கணினி உள்ள மாணவர்கள், ஒரே படத்தை 20, 40, 60 என மூன்று வரிசை எண்களில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எத்தனை அடி விலகி நின்றால் புள்ளிகள் மறைகின்றன என்று அளந்து பாருங்கள்.