ஏலத் தூரில் வேண்டாதவற்றைக் களைதல்

போடிநாயக்கனூரைச் சேர்ந்தவர்களில் மெட்டுச் சரிவிலும் அதற்கப்பாலுள்ள ஏலமலைகளிலும் தோட்டம் வைத்திருப்போர் அநேகர். உரத்துக்கும் மருந்துக்கும் கடன் கேட்டு வருகிறவர்களிடம், "தூரைக் கடைசியாக எப்போது சுத்தஞ் செய்தீர்கள்?" என்று யான் கேட்பதுண்டு. பலர் சிரித்துவிடுகிறார்கள். கத்தியும் கையும் மட்டும் வேண்டிய வேலைக்கு மதிப்பில்லை போலும்!

ஏலத்தின் தட்டைகள் தூரின் அடியிலிருந்து கூட்டமாக எழும்புவன. காய்த்து ஓய்ந்தவை காய்ந்து, இலையுறைகளோடு அங்கேயே நிற்கும். பூவும் காயும் தாங்கும் சரங்களும் அதே அடியிலிருந்து கிளம்புகிறபடியால், அவ்விடம் அடைபட்டால் தேனீ பூவை அணுகுவது கடினம். தேனீ வராவிடில் காய் பிடிப்பது குறையும். மேலும் பழைய உறைகளின் இடுக்குகளே இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் குடியிருப்பு. ஆகவே மானாவாரித் தோட்டத்தில் பருவமழையின் தொடக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறையும், நீர்ப்பாய்ச்சும் தோட்டத்தில் 2 அல்லது 3 முறையும் காய்ந்தவற்றை அறுத்தெடுத்தல் வேண்டும். பச்சைத் தட்டையைத் தொடலாகாது. கழித்த சருகைச் சரங்களை மூடாமல் வரிசைகளுக்கிடையே பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும்.

இனி வருவதே மனம் இடங்கொடாத வேலை. 'கட்டே' எனப்படும் தேமல் நோய் கண்ட தூரில், இளம் இலைகளின் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிறிய பச்சை வரிகள் விட்டுவிட்டு ஓடும். அசுவினி பரப்பும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. தூரைக் கிழங்கோடு பெயர்த்து அழிப்பதொன்றே வழி. "இன்னும் நாலு சரம் இருக்கிறதே" என்று குடியானவர் தயங்குவது இயல்பே. எங்கள் குடும்பத்தின் சிறு தோட்டத்தில் யானும் அவ்வாறே ஒரு தூரை அறுவடைவரை விட்டுவைத்தேன். மறுவருஷம் அதைச் சுற்றியிருந்த தூர்களிலும் வரி கண்டது. நாலு சரத்துக்கு ஆசைப்பட்டு ஒரு வரிசையையே இழந்தோம்.

நோய் தொற்றிய பின் வரி தென்படச் சில வாரங்கள் முதல் மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஆதலால் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதி கொள்ளலாகாது. தானே முளைத்த நோயுற்ற நாற்றுகளையும், அசுவினி தங்கும் சேம்பையும் உடன் அகற்றுக. நோய் விதை வழியாகப் பரவுவதில்லை. கிழங்கு வழியாகப் பரவும். எனவே நோயுள்ள தோட்டத்திலிருந்து பக்கக்கன்று வாங்கலாகாது.

ஒருவர் பிடுங்கி அயலார் விட்டுவைத்தால் பயனில்லை. அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒரு நாளைக் குறித்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டு, வரி கண்ட தூருக்குச் சுண்ணாம்பு அடையாளமிட்டு, அன்று மாலைக்குள்ளேயே பெயர்த்துவிடுவது நலம். தம் தோட்டத்துத் தூரைவிடப் பிறர் தோட்டத்துத் தூரில் கண் கூர்மையாயிருக்கும்.