நகர விற்பனைக் குழுவுக்கு யாரை அனுப்புவது?

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தால் நமது சங்கங்களில் முதலில் எழும் கேள்வி, "தலைவர் போகிறாரா, செயலாளர் போகிறாரா?" என்பதுதான். நகர விற்பனைக் குழு விஷயத்தில் இந்த வழக்கத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது நமது கருத்து.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமைவது இக்குழு. ஆணையாளரே தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகள். தங்களுக்குள் தேர்தல் நடத்தி வருகிறவர்கள் அவர்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் 10 சதவீதத்துக்குக் குறையாத இடம். மீதியில் போலீஸ், சுகாதார அதிகாரி, வங்கி, குடியிருப்போர் சங்கம் எல்லோரும் அமர்ந்த பிறகே வணிகர் சங்கத்துக்கு நாற்காலி. அவர்கள் ஓட்டு வாங்கி வருகிறார்கள்; நாம் லெட்டர்பேடில் பெயர் எழுதிக் கொடுத்து நியமனத்தில் போகிறோம். ஆகவே போகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"கடைவாசலில் வண்டி நிற்கிறது, நெரிசல் தாங்கவில்லை, இத்தெருவைத் தடை மண்டலமாக்குங்கள்" என்று நம்மவர் எழுந்து பேசுவார். அந்தப் பேச்சு அங்கேயே விழுந்துவிடும். நெரிசலை மட்டும் காரணமாக்கித் தடை மண்டலம் அறிவிக்கச் சட்டத்தில் இடமில்லை. கணக்கெடுப்பில் வியாபாரிகளாக அடையாளம் காணப்படாதவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேட்கலாம். வெகுகாலமாக வாங்குவோரும் விற்போரும் கூடிவரும் இயல்புச் சந்தை என்று கணக்கெடுப்பில் பதிவான இடத்தையும் தடை செய்ய முடியாது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தவும் கூடாது.

கேட்டுப் பெறக்கூடியது நேரப் பங்கீடு. லாரி சரக்கு இறங்கும் நேரம் எது, வண்டிகள் நிற்கத் தோதான நேரம் எது என்று கணக்கோடு சொன்னால் ஆணையாளர் காது கொடுப்பார். இதைச் சொல்லத்தக்கவர் அதே கடைவீதியில் தினமும் ஷட்டர் தூக்கும் சில்லறைக் கடைக்காரர்.

மொத்த வியாபாரிகளாகிய நாம் அந்த நாற்காலியை விட்டுக்கொடுப்பது நல்லது. நம்மிடம் சரக்கு எடுப்பவர்களில் கடைக்காரரும் உண்டு, தள்ளுவண்டிக்காரரும் உண்டு. காலையில் கடனுக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் அவரை எழுப்பச் சொல்ல நமக்கு நா எழாது. (எழுந்தால் பாக்கி வராது என்பது வேறு விஷயம்.)

போகிறவர் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் செயற்குழுவுக்கு எழுத்தில் விவரம் தரவேண்டும். தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்குப் போகாதவருக்குப் பதிலாக வேறு பெயரை நகராட்சிக்குச் சிபாரிசு செய்யலாம். பெயர் கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் சட்டத்தின் முதல் அட்டவணையை ஒருமுறை படித்துவிட்டு வரவும்.