புண்ணின் வாய் சிறியது

பெரியப்பா தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த நாலாவது மாதம் அது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. "சின்னப் புண்தானே, ஆறிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டு மாற்ற வந்த நர்ஸ் அக்கா பஞ்சு சுற்றிய குச்சியை அதற்குள் விட்டார். குச்சி தோலுக்கு அடியில் பக்கவாட்டில் நழுவி, ஒரு விரல் நீளம் போய்த்தான் நின்றது. நேராக இறக்கியபோது கெட்டியாக எதிலோ தட்டியது. "எலும்பு தட்டுதுங்க. இனிமே வீட்டுல வெச்சு மருந்து கட்டிப் பிரயோஜனமில்ல. சர்ஜன்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வண்டு விழுந்த மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுத்தால் கொட்டையைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கும். படுக்கைப் புண்ணும் அப்படித்தான். உடம்பின் பாரம் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதையை நசுக்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. அழுத்தம் மிக அதிகம் எலும்பை ஒட்டிய இடத்தில்தான். ரத்தம் குறைந்தால் முதலில் சாவதும் தோல் அல்ல, தசைதான். அதனால் தோல் உடைந்து நாம் பார்க்கிற நேரத்தில் உள்ளே ஒரு குகையே உருவாகியிருக்கும்.

மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை, அழுத்தினாலும் மறையாத சிவப்பு. கடைசி நிலையில் தசையோ எலும்போ தெரியும். கறுப்புப் பொருக்கு மூடியிருந்தால் அதை எடுக்காமல் ஆழம் சொல்ல முடியாது. குதிகாலில் காய்ந்து இறுகி, சீழோ சிவப்போ இல்லாமல் இருக்கிற பொருக்கு மட்டும் விலக்கு. அதைப் பெரும்பாலும் தொடாமல் விடுவார்கள்.

நாற்றம், சீழ், சுற்றிலும் சூடு, காய்ச்சல், திடீரெனப் பேச்சுக் குழறுவது, மூச்சு வாங்குவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொற்று ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004 அக்டோபரில், படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட கடும் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தபோது இதயம் நின்று இறந்தார். வயது 52. வசதிக்கோ கவனிப்புக்கோ குறைவில்லாத மனிதர் அவர்.

"ஊசி போட்டுச் சரிபண்ண முடியாதா?" என்றுதான் நாங்களும் கேட்டோம். ஊசி மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த சதைக்கு ரத்தமே போவதில்லை. அங்கே கிருமி நிம்மதியாக இருக்கும். ஆகவே முதல் வேலை கத்திக்குத்தான். சீழை வடித்து, கறுத்ததையும் மஞ்சளாக நைந்ததையும் வெட்டி எடுத்து, புது ரத்தம் கசிகிற இடம் வரை போவார்கள். பல பேருக்கு இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். உணர்வில்லாதவருக்கு மயக்க மருத்துவர் எதற்கு என்று நினைக்கக் கூடாது. தண்டுவடத்தில் மேல் நெஞ்சிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு, வலி தெரியாவிட்டாலும் ரத்த அழுத்தம் எகிறிவிடலாம்.

அப்போதே எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புண்ணின் மேல் பஞ்சால் துடைத்து எடுத்த சோதனையை நம்பி மருந்து தரக் கூடாது. திறந்த புண்ணின் மேலே எப்போதும் ஏதாவது கிருமி இருக்கும். எலும்பில் தொற்று உறுதியானால் மருந்து வாரக்கணக்கில் தொடரும்.

அடுத்த கட்டம் காத்திருப்பு. வீட்டாருக்குப் பொறுமை போவது இங்கேதான். பஞ்சு போன்ற நுரையைக் குழிக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குழாய் வழியாக மெஷினால் உறிஞ்சுகிற 'வேக்' கட்டுப் போடுவார்கள். குழி சுருங்கிச் சிவந்த சதை வளரும். மலம் ஓயாமல் புண்ணில் பட்டால், அது வெளியேறத் தற்காலிகமாக வயிற்றில் வழி வைப்பதும் உண்டு. சாப்பாடு இங்கே மருந்துக்குச் சமம். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் ரசமும் கொடுத்துப் பெரியப்பாவை நாங்கள் பட்டினி போட்டிருந்தோம் என்பது அன்றுதான் புரிந்தது.

பிறகுதான் மூடுகிற அறுவை சிகிச்சை. இழுத்துத் தைத்தால் பிய்ந்துவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினால் எலும்பின் மேல் தாங்காது. அதனால் பக்கத்திலிருந்தே தோல், கொழுப்பு, சில சமயம் தசையும் சேர்த்து, தனக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு ஒரு பெரிய மடலாக எடுத்து, திருப்பிக் குழியில் பொருத்துகிறார்கள். 'ஃபிளாப்' என்பது இதுதான். முதுகடிப் புண்ணுக்குப் பிட்டத்திலிருந்து வரும். உட்காரும் எலும்பின் புண்ணுக்குத் தொடையின் பின்புறத்திலிருந்து. அதற்கு முன் குழியின் உட்சுவரை முழுதாக உரித்து, துருத்தும் எலும்பைச் செதுக்குவார்கள். தேர்ந்த சர்ஜன் தையல் கோட்டை எலும்பின் மேல் விழவிட மாட்டார். மடலையும் தாராளமாகவே வெட்டுவார். நாளைக்குப் புண் திரும்பினால் அதே மடலை இன்னும் கொஞ்சம் நகர்த்தலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கடைசிக் கட்டத்தில் இருக்கிற முதியவருக்கு நாற்றமும் வலியும் குறைத்துச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல சிகிச்சை. அங்கே பெரிய அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதைக் கைவிடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மடல் பொருத்திய பிறகு ஆறு வாரம் வரைகூட அதன் மேல் பாரம் விழக் கூடாது. குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும். தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடம்பு வழுக்கி உள்ளே தையல் இழுபடும். ஏர் பெட் போட்டாயிற்று என்று திருப்புவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உள்ளங்கை மேலே இருக்கும்படி, புண் இருக்கும் இடத்துக்கு நேராக அந்தப் பெட்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் அழுத்தினால் காற்று போதவில்லை. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கிறது.

மடல் பொருத்திய ஏழாவது வாரம் பெரியப்பாவை முதன்முதலாக வீல்சேரில் உட்காரவைத்தோம். பெரியம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தே நிமிடம். "இன்னும் செத்த நேரம் இருக்கேனே" என்றார் பெரியப்பா. விடவில்லை, படுக்கவைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். உட்கார்ந்த இடம் சிவந்திருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தபோது சிவப்பு இல்லை. மறுநாள் இருபது நிமிடம்.