பழைய போலோ ஜிடி வாங்கப் போறீங்களா? முதல்ல கியர்பாக்ஸைப் பாருங்க!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது மேல்விஷாரம். அங்கே சீறிப்போகும் கார்களைப் பார்த்து வளரும் இளைஞர்களுக்குப் புது ஸ்போர்ட்ஸ் கார் எட்டாக்கனி. கைக்கு எட்டுவது, செகண்ட்ஹேண்ட் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. பார்க்க ஃபேமிலி கார். மிதித்தால் ஸ்போர்ட்ஸ் கார்!

2013-ல் இந்தியாவுக்கு வந்த இதில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். பவர் 105 பிஎஸ். ஆனால், பர்ஸைப் பதம்பார்ப்பது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

என்ன பிரச்னை?

இதில் இருக்கும் இரண்டு கிளட்ச்களும் ஆயிலில் நனையாத 'டிரை' வகை. ஹைவேயில் ஜம்மென்று போகும். டிராஃபிக்கில் ஊர்ந்தாலோ, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே காரை நிறுத்திவைத்தாலோ கிளட்ச் சூடாகித் தேயும். கியர் மாற்றும் 'மெக்கட்ரானிக்ஸ்' யூனிட் பழுதானால், நடுரோட்டிலேயே நின்றுவிடலாம். அதை மாற்ற லட்ச ரூபாயைத் தாண்டும். வழக்கமான இன்ஷூரன்ஸ் இதற்குக் கைகொடுக்காது.

வாங்கும் முன்...

* அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வண்டி சூடான பிறகு, நெரிசலில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். 1-லிருந்து 2-வது கியருக்கு மாறும்போது குலுங்கினால் உஷார்!

* டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்கினால், அந்த கார் வேண்டாம்.

* சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2020-ல் வந்த 1.0 லிட்டர் ஜிடியில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். டிரை கிளட்ச் தொல்லை கிடையாது. 2022-ல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றுவிட்டது.

டிஎஸ்ஜி போலோதான் வேண்டுமென்றால், கார் விலையோடு கியர்பாக்ஸுக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்துவையுங்கள். அப்போதுதான் கணக்கு சரிவரும்!