துணையின் வாசனையும் சுண்டெலியின் கருவும்

நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் நம் மல்லசமுத்திரத்துக் காடுகளில் வரப்பை வெட்டினால், எலி வளைக்குள் ரோமம் முளைக்காத சிவந்த குட்டிகள் கிடப்பதைக் காணலாம். இந்த எலிகளின் உறவான ஆய்வுக்கூட வெள்ளைச் சுண்டெலியில், குட்டி உருவாகாமலே போவதற்கு அந்நிய ஆண் ஒன்றின் வாசனையே போதும் என்றால் நம்புவீர்களா?

லண்டன் மில் ஹில்லில் ஆராய்ச்சி செய்த ஹில்டா புரூஸ் அம்மையார் 1959-இல் இதை வெளியிட்டார். புதிதாக இணைசேர்ந்த பெண்ணைத் துணையிடமிருந்து பிரித்து வேறோர் ஆணின் அருகில் வைத்தபோது, பல எலிகளில் கரு தங்கவில்லை. சில நாட்களில் அவை மீண்டும் இணைசேரத் தயாராயின. அந்த ஆண் தொடவே வேண்டியதில்லை. அது அழுக்காக்கிய படுக்கையே போதும். மூளையின் மோப்பக் குமிழ்களை அகற்றிய பெண்ணுக்கோ ஒன்றும் நேர்வதில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் பெரும் பங்குண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சி. ஜே. டொமினிக், ஆணின் சிறுநீரிலேயே அந்தப் பொருள் இருப்பதைக் காட்டினார். அவ்வாசனை மூளையை எட்டியதும் பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் குறைகிறது. அதனால் சினைப்பையில் புரொஜெஸ்டிரோன் சுரப்பதும் தளர்ந்து, கரு கருப்பையில் பதிய முடியாமற் போகிறது. சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் ரிசர்பின் இத்தடையை நீக்குவதை டொமினிக் 1966-இல் வெளியிட்டார். நம் பாட்டி வைத்தியச் செடி எங்கெல்லாம் போய் உதவுகிறது பாருங்கள்!

சரி, கூடிய துணையும் ஆண்தானே. அதன் வாசனை ஏன் கருவைக் கெடுப்பதில்லை? கூடிய சில மணி நேரத்துக்குள் பெண்ணின் மோப்பக் குமிழ் அந்த வாசனையை நினைவில் பதித்துக்கொள்கிறது. நினைவிலுள்ள வாசனை தீங்கு செய்வதில்லை. அதுமட்டுமன்று, துணை உடனிருந்தால் அந்நியனின் பாதிப்பும் வெகுவாகக் குறைகிறது. துணையின் இந்தக் காவற்பணியையே தாமஸும் டொமினிக்கும் தனியே ஆராய்ந்து 1987-இல் எழுதினர். கரு பதிந்துவிட்ட பின்போ, அதாவது ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குமேல், இந்த ஆபத்து நீங்கிவிடுகிறது.

அந்நிய ஆண்கள் குட்டிகளைக் கொல்வதுண்டு. ஆகவே பிழைக்காத குட்டிக்காகத் தாய் உடலை வருத்திக்கொள்வதில்லை என்பர் சிலர். விடுதியில் இதை மனிதரோடு ஒட்டிக் கதை கட்டும் நண்பர்கள் பொறுத்தருள்க; மனிதரில் இவ்விளைவு நிறுவப்படவில்லை.

விலங்கியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கூண்டு துப்புரவு செய்யும்போது ஓர் ஆணின் மரத்தூளைப் புதிதாகக் கூடிய வேறொரு பெண்ணின் கூண்டில் கொட்டிவிடாதீர்கள். பிறகு குட்டி ஈனவில்லையே என்று தீவனத்தைக் குறை சொல்ல நேரும்.