பழைய நோட்டின் பெறுமானம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிக் கொழும்பு முதலிய இடங்களுக்குச் சென்று பொருளீட்டியோர் பலர் பிறந்த சீமை நம்முடையது. ஆகையால் ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பாட்டனார் காலத்துப் பெட்டியைத் திறந்தால், பத்திரங்களுக்கிடையே ஒரு பழைய நோட்டு அகப்படக் கூடும். உடனே 'இது லக்ஷம் பெறுமோ' என்னும் ஆசை எழுகிறது. அவ்வாசையே மோசக்காரருக்கு மூலதனம்.

பழமை மாத்திரம் விலையாகாது, அருமையே விலையாகும். 1843ல் ஏற்பட்ட சென்னை வங்கி தன் பெயராலேயே நோட்டு வழங்கி வந்தது. 1861ம் வருஷத்துச் சட்டம் அவ்வுரிமையைச் சர்க்காருக்கே ஆக்கிற்று. ஆதலால் அவ்வங்கியின் நோட்டு இன்று காண்பதற்கரியது. 1940ம் வருஷத்திய ஒரு ரூபாய் நோட்டோ, யுத்தகால வெள்ளித் தட்டுப்பாட்டினால் ஏராளமாக அச்சிடப்பட்டது. அதன் சாதாரணப் பிரதி ஒருவரையும் தனவந்தராக்காது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது இரண்டரை ரூபாய் நோட்டு. 1918ல் பிறந்த அது 1926ல் நிறுத்தப்பட்டது. அதில் சென்னை வட்டத்துக்கு 'எம்', ரங்கூனுக்கு 'ஆர்' என எழுத்துக் குறிகள் உண்டு. அவ்வெழுத்தையும், கையொப்பமிட்ட அதிகாரியையும் பொறுத்து விலை மாறும்.

அடுத்தது நோட்டின் நிலைமை. மடிப்பு, குண்டூசித் துளை, கிழிசல் ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். பெரிய நோட்டை இரண்டாக வெட்டித் தபாலில் வெவ்வேறாக அனுப்புவது அக்காலத்து வழக்கம்; அவ்வாறு வெட்டி ஒட்டியது முழு நோட்டுக்கு ஈடாகாது. கழுவுவதும் இஸ்திரி போடுவதும் உள்ள மதிப்பையும் கெடுத்துவிடும்.

விற்க விரும்புவோர், பிறர் கேட்கும் விலையை நம்பாமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையை விசாரித்தறிக. அனுபவமுள்ள சேகரிப்பாளர் இருவரிடமாவது காட்டுக. 'முதலில் கமிஷன் கட்டு, பிறகு லக்ஷம் தருகிறோம்' என்போருக்கு ஒரு தம்பிடியும் கொடுக்கலாகாது. இத்தகைய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை என்றும், கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது.

2016ல் செல்லாதாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுக்களைச் சேர்ப்போரும் கவனிக்க வேண்டும். 2017ம் வருஷத்துச் சட்டப்படி அவற்றில் மொத்தம் 10க்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதியுண்டு.

முன்னோர் கடல் கடந்து ஈட்டியதன் மிச்சம் அக்காகிதம். அதற்குரிய விலை கிடைப்பின் பெறுக. கிடையாவிடின் ஞாபகமாகப் போற்றுக. அதைக் காட்டி அயலான் நம் கைப்பொருளைப் பறிக்க மட்டும் இடங்கொடுக்க வேண்டாம்.